காலிக் குடம் ரோட்டுக்கு வந்தால்தான் செய்தியா?

திங்கட்கிழமை காலையில் தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் வாசலில் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் மனுவும் ஆதார் நகலுமாக வரிசையில் நிற்பார்கள். அவர்கள் பையில் போலீஸார் தேடுவது மண்ணெண்ணெய் கேனை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என ஒரு குடும்பமே தீயில் போன பிறகு தமிழ்நாடு முழுக்க இந்தச் சோதனை கடுமையானது. கிருஷ்ணகிரியிலும் இதே நிலைதான்.

மனு கொடுத்தால் ஒரு ரசீது கிடைக்கும். மறுபடி வந்தால் இன்னொரு ரசீது. தலையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டால் அதிகாரி ஓடி வருவார், மறுநாள் பேப்பரில் படம் வரும், கோப்பு நகரும். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமலேயே ஜனங்கள் இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். தண்ணீர் வராத ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்காருவதும் இப்படித்தான். பஸ்ஸை நிறுத்த ஆட்கள் உட்கார்ந்தாலே போதும். குடம், படம் எடுக்க வருபவர்களுக்காக. பி.டி.ஓ. வந்து பேசுவார், தண்ணீர் விட ஏற்பாடு ஆகும், ‘பேச்சுவார்த்தையை அடுத்து கலைந்து சென்றனர்’ என்று செய்தி முடியும்.

பத்திரிகை, டிவியின் அரசியல் பலத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஆட்சியைக் கவிழ்த்த ஊழல் செய்திகளைச் சொல்வோம். அதுவும் உண்மைதான். ஆனால் என் கணிப்பில், அதைவிடப் பெரிய பலம் இந்தக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் தெரிகிறது. எந்தக் கஷ்டம் பொதுப் பிரச்சினை ஆகும், எது அவரவர் வீட்டோடு கிடக்கும் என்பதைச் செய்திதான் தீர்மானிக்கிறது. அதனால் ஜனங்கள் தங்கள் கஷ்டத்தையே செய்திக்குத் தோதான வடிவத்தில் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வடிவத்துக்குள் வராத கஷ்டம் அரசியலுக்குள்ளும் வராமல் போகிறது.

ஆராய்ச்சியாளர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களை மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்டு ஷா என்ற இருவர் விசாரித்தார்கள். நாட்டுக்கு முக்கியமான பிரச்சினை என்று அவர்கள் சொன்ன வரிசையும், செய்திகளில் இடம்பெற்ற பிரச்சினைகளின் வரிசையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. 1972-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இதுதான்: ஒருவர் என்ன கருத்து கொள்ள வேண்டும் என்பதைச் செய்தியால் எளிதில் திணிக்க முடியாது, எதைப் பற்றி யோசிப்பது என்பதை அது பெருமளவு முடிவு செய்துவிடுகிறது.

இதற்கு நம் பக்கத்து உதாரணம் ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுமே பாறை பூமி. அந்தப் பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் குடிக்கலாம். அதைத் தாண்டிய போர்வெல் தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைகளுக்குப் பல் முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். தேய்த்தால் போகாது. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். முதுகு விறைத்துக் குனிய முடியாமல் போகும், சிலருக்குக் கால் வளையும். அதற்கு அப்புறம் சரிசெய்ய வழியே கிடையாது. கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது. பெண் பார்க்க வந்தவர்கள் சிரிக்கச் சொல்லிப் பார்ப்பதும், ஸ்கூல் குரூப் போட்டோவில் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு நிற்பதும் இந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தெரிந்த விஷயம். இவ்வளவு பெரிய கேடு எந்த ஒரு நாளிலும் ‘நடக்கவில்லை’. நேற்று இல்லாதது இன்று நடந்தால்தான் செய்தி. முப்பது வருஷமாகக் குடித்துக் குடித்து வளைந்த முதுகுக்கு எந்தத் தேதியைப் போடுவது?

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. ஜப்பான் நிதி உதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய்த் திட்டம். 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். 2008 மார்ச், ஏப்ரலில் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியதும் நாடே ஒகேனக்கல்லைத் திரும்பிப் பார்த்தது. பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்கள் தாக்கப்பட்டன. சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். யார் என்ன பேசினார், யார் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாரக்கணக்கில் ஓடியது. திட்டம் யாருக்காக, அவர்கள் குடித்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது பத்தியின் கடைசியில் ஒரு வரியாக நின்றது. கர்நாடகத் தேர்தல் முடியும்வரை திட்டத்தை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தபோது, அது இரண்டு மாநில அரசியல் செய்தியாகப் பேசப்பட்டது. பென்னாகரத்துக் குழந்தை இன்னும் சில மாதம் அதே தண்ணீரைக் குடிக்கும் என்ற செய்தியாக அது பேசப்படவே இல்லை.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் புகழ்பெற்ற கருத்து ஒன்று உண்டு: தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வராது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு பஞ்சம் வரவில்லை, 1958 முதல் 1961 வரை சீனாவில் வந்து கோடிக்கணக்கில் மக்கள் இறந்தார்கள். பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் மேலும் சொன்னது, அன்றாட அரைவயிற்றுப் பட்டினியை ஒழிப்பதில் இந்தியப் பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் அந்த அளவுக்கு உதவவில்லை என்பது. பஞ்சத்துக்குப் படம் உண்டு, சத்துக்குறைவுக்குக் கிடையாது. ஃபுளோரைடும் இந்த இரண்டாவது வகை. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை தண்ணீர் மலைமலையாக நுரைத்துக்கொண்டு வரும் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். பெங்களூருப் பக்கத்துக் கழிவு கலந்து வருவதால் வரும் நுரை அது. நுரை பொங்கும் நாளில் கேமராக்கள் வருகின்றன. நுரை அடங்கிய நாளிலும் அதே தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது.

சரி, படம் கிடைக்காதது மட்டும்தான் காரணமா என்றால், வாச்சாத்தியைப் பார்க்க வேண்டும். அங்கே நடந்தது மெதுவாக நடந்தது அல்ல.

அரூர் பக்கம் சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற பழங்குடி ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நூற்றுக்கணக்கில் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஜனங்களை அடித்து இழுத்துப்போனார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஊரே காலியாகிக் கிடந்தது. இத்தனை நடந்தும் விஷயம் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆனது. அதை வெளியே கொண்டுவந்தவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும்.

ஏன் பேப்பரில் உடனே வரவில்லை? ஒரு மாவட்ட நிருபருக்குக் குற்றச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் பதில் கிடைக்கும். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வரும். காட்டுச் செய்தி ரேஞ்சர் ஆபீஸிலிருந்து வரும். தாலுகா செய்தி தாசில்தார் ஆபீஸிலிருந்து வரும். வாச்சாத்தியில் குற்றம் செய்தவர்கள் இந்த மூன்று ஆபீஸ்காரர்கள். செய்தி சொல்ல வேண்டிய வாய் மூன்றும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால், பாதிக்கப்பட்டவரை நேரில் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. பாதிக்கப்பட்டவர்களோ சிறையிலும் காட்டிலும் இருந்தார்கள். அன்றாடச் செய்தி வேலையின் அமைப்பே அரசாங்கத்தின் வாயை நம்பித்தான் இருக்கிறது. யாரும் தணிக்கை செய்ய வேண்டிய அவசியம்கூட இல்லாமல் ஒரு ஊர் காணாமல் போக முடியும் என்பதை நம் மாவட்டம் கண்ணால் பார்த்தது.

பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் போய், சென்னை உயர் நீதிமன்றம் வந்து, 1995-ல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவானது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இந்த முப்பத்தொரு வருஷத்தில் பத்திரிகைகள் செய்த நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். ஒருதடவை வெளியே வந்த பிறகு அந்தப் பெயரை அவர்கள் மறக்கவிடவில்லை. வாய்தா மேல் வாய்தா போன வழக்கு தூங்கிப்போகாமல் இருந்ததில், வந்து வந்து எழுதிய நிருபர்களுக்கும் பங்கு உண்டு.

இதற்கு நேர் எதிரான சம்பவம் எட்டு வருஷம் கழித்து, தர்மபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டியில் நடந்தது. 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்றதும் அவர் கட்சிக்காரர்களின் மறியல் நடந்தது. சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள், மூன்று மாணவிகள் இறந்தார்கள். மறியலைப் படமெடுக்க வந்திருந்த செய்தியாளர்கள் அங்கேயே இருந்தார்கள். பஸ் எரிவதை அன்றைக்கே தமிழ்நாடு முழுக்க வீட்டு ஹாலில் பார்த்தார்கள். வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள், மறுவிசாரணை சேலத்துக்கு மாற்றப்பட்டது, 2007-ல் மூன்று பேருக்கு விதித்த மரண தண்டனை 2016-ல் ஆயுளாகக் குறைந்து, 2018-ல் அவர்கள் விடுதலையும் ஆனார்கள். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல யாராலும் முடியவில்லை. ஒரே மாவட்டம்தான். ஹைவேயில் நடந்ததற்கும் மலையடிவாரத்தில் நடந்ததற்கும் இவ்வளவு தூரம்.

படம் இருந்தாலே நியாயம் கிடைத்துவிடும் என்றும் இல்லை. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் ஒரு கலப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனி உள்பட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 250-க்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் எரிந்த வீடுகளைக் காட்டிய டிவிகள், அப்புறம் அந்த இளம் தம்பதியின் பின்னால் போய்விட்டன. அந்தப் பெண் கோர்ட்டில் என்ன சொன்னார், அம்மா வீட்டுக்குப் போனாரா, திரும்பி வருவாரா என்று நேரலை ஓடியது. 2013 ஜூலை 4 அன்று அந்த இளைஞர் ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்தார். இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடர்கதை ஆக்கியதில், வீட்டை எரித்த சாதி அரசியலைப் பற்றிய கேள்வி ஓரமாகப் போனது. ஓட்டுக் கணக்கில் அது யாருக்கு லாபம் என்று விசாரிக்க வேண்டிய நேரத்தில் கேமரா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நிருபரைத் திட்டுவது சுலபம். அவர் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஊத்தங்கரையிலோ தேன்கனிக்கோட்டையிலோ பேப்பருக்குச் செய்தி அனுப்புகிறவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். வரும் பணம் பைக் பெட்ரோலுக்கே காணாது. அதனால் விளம்பரம் பிடிக்க வேண்டும், அதில் கமிஷன் உண்டு. பள்ளி ரிசல்ட் வந்தால் பள்ளி விளம்பரம், தலைவர் பிறந்தநாள் வந்தால் கட்சிக்காரர் விளம்பரம், பொங்கல் தீபாவளிக்குக் கான்ட்ராக்டர், குவாரிக்காரர், நகைக்கடை. யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்கள் வீட்டு வாசலில்தான் ஆர்டர் ஃபாரத்தோடு நிற்க வேண்டும். அப்புறம் அந்தக் குவாரி வெடியில் பக்கத்து வீட்டுச் சுவர் விரிந்தால் எப்படி எழுதுவார்? மேல்மட்டத்தில் அரசு விளம்பரம் இதே வேலையைச் செய்கிறது. எழுதாதே என்று யாரும் போன் செய்ய வேண்டியதில்லை, விளம்பரப் பட்டியலில் பெயர் விடுபட்டால் போதும்.

தேர்தல் சமயத்தில் இது நேரடி வியாபாரமாகவே மாறுகிறது. வேட்பாளர் காசு கொடுத்து வாங்கிய பாராட்டு, செய்தி உடையில் வரும். இதைப் பற்றி 2010-ல் பிரஸ் கவுன்சில் அறிக்கை வெளியிட்டது. இப்போது ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஊடகக் கண்காணிப்புக் குழு இருக்கிறது. ஒரே மாதிரி வாசகம் இரண்டு பேப்பரில் வந்தால், அந்த இடத்துக்கு விளம்பர ரேட் போட்டு வேட்பாளர் செலவில் சேர்க்கலாம். சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு வரம்பு 40 லட்சம். குழுவால் கண்டுபிடிக்க முடிவது வெளியே வந்ததை மட்டுமே. காசு வாங்கிக்கொண்டு எழுதாமல் விட்டதை எந்தக் குழு கண்டுபிடிக்கும்?

டிவி நிலைமை தமிழ்நாட்டுக்கே உரியது. 1993-ல் சன், 1999-ல் ஜெயா, 2006-ல் மக்கள், 2007-ல் கலைஞர் என்று கட்சிகளையும் கட்சிக் குடும்பங்களையும் ஒட்டியே சேனல்கள் வளர்ந்தன. தர்மபுரி மாதிரி பாமகவும் இரண்டு கழகங்களும் மும்முனையாக மோதும் மாவட்டத்தில், ஒரே நாள் கூட்டத்தை நாலு சேனலில் பார்த்தால் நாலு ஊரில் நடந்த மாதிரி இருக்கும். பார்ப்பவர்களும் தங்கள் கட்சிச் சேனலைத்தான் போடுகிறார்கள். கேபிளும் அரசியல்தான். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது ஏழை வீட்டுக்கு நல்லதே. ஆனால் சேனல் வரிசை அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. பிடிக்காத சேனலைத் தள்ளிவைக்கிறார்கள் என்ற புகார் இரண்டு கழக ஆட்சியிலும் எழுந்திருக்கிறது.

சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது? அரசியல் சட்டத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக எழுதவில்லை. 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தரும் பேச்சுரிமையிலேயே அதுவும் அடங்கும். சென்னை மாகாண அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார இதழைத் தடை செய்தபோது, அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் 1950-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. மறு வருஷமே முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து அந்த உரிமைக்கு மேலும் வேலி போட்டது. அதே 1951-ல் ஆட்சேபகரமான விஷயங்களை அச்சிடுவதற்கு எதிரான பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் யார் தெரியுமா? ஓசூர் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. காந்தி சிறையில் இருந்தபோது ‘யங் இந்தியா’வை நடத்தியவர், மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்ற இதழையே நடத்தியவர். பாப்பாரப்பட்டியில் 1925-ல் உயிர்விட்ட சுப்பிரமணிய சிவா, சிறையில் தொற்றிய தொழுநோயோடு ‘ஞானபானு’ நடத்தியவர். ஒரே வட்டாரத்துக்கு இரண்டு பத்திரிகைக்காரர்கள். அவர்களில் ஒருவர் ஆட்சிக்குப் போனபோது எழுத்துக்குக் கட்டுப்பாடு தேவை என்று நினைத்தார். ஆட்சி நாற்காலி எவ்வளவு நேர்மையான ஆளையும் அப்படி நினைக்கவைக்கும். அதனால்தான் 1994-ல் நக்கீரன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் முக்கியம்: வெளியிடும் முன்பே அரசோ அதிகாரிகளோ தடுக்க முடியாது, பதவிக் கடமை சம்பந்தமான விஷயங்களில் அதிகாரிகள் அந்தரங்கம் என்று ஒளிந்துகொள்ளவும் முடியாது.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, நிருபர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்ற பொய் வீடியோக்கள் பரவியபோது, அவர்கள் நிறைய பேர் வேலை செய்யும் ஓசூர் மாதிரி ஊர்களுக்கும் அந்தப் பயம் வந்தது. போய் விசாரித்து எழுத ஒரு ஆள் இல்லாத இடத்தில் முதலில் வந்து உட்காருவது வதந்திதான். அதேசமயம் ஓசூர், அரூர் என்ற வித்தியாசம் இல்லாமல் எந்த மூலையிலிருந்தும் ஒரு வீடியோ இன்றைக்கு மாவட்டத் தலைநகரை எட்டிவிடும். 1992-ல் வாச்சாத்தியில் ஒரே ஒரு போன் இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

செய்யக்கூடிய காரியம் ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஒகேனக்கல்லுக்கு விநாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது, பரிசல் ஓடுமா ஓடாதா, மேட்டூர் எத்தனை அடி என்று நம் பேப்பர்களில் அடிக்கடி பார்க்கிறோம். குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஊர் வாரியாக ஃபுளோரைடு அளவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கேட்டு வாங்கலாம், கிராம சபையில் எழுந்து கேட்கலாம். அந்த எண்களை ஒன்றியம் ஒன்றியமாகப் பிரித்து, மாதம் ஒருமுறை, மாவட்டப் பக்கத்தில் நீர்வரத்துக்குக் கீழே நாலு வரியில் போடட்டும். எந்த ஊரில் 1.5-ஐத் தாண்டுகிறது, எந்த ஊரில் ஒகேனக்கல் தண்ணீர் வராமல் மறுபடி போர் தண்ணீருக்குப் போய்விட்டார்கள் என்று அதில் தெரிந்துவிடும். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம், குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போகாமலேயே, அந்த எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.